மாறாதது என்ற குறி

ஐம்பது வயதுக்கு மேல் மாணவராகச் சேர்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குரு நம்மைவிடச் சின்னவராக அமைந்துவிடுவார். சென்னியப்பனுக்கு அப்படித்தான் அமைந்தது. நூல் மில்லில் மேற்பார்வையாளராக இருந்தவர், மில்லை மூடிய பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்த கோகிலவாணிக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவர் இவரை அண்ணா என்பார். இவர் அவரை டீச்சர் என்பார்.

கோகிலவாணி பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. மாணவர் எழுதியதை வாசிப்பார், ஒரு கேள்வி கேட்பார், டீ குடிக்கப் போய்விடுவார். மாட்டிக்கொண்டவர் பாடு திண்டாட்டம்தான்.

மலைமேல் இருந்த ஒரு ரத்த தானக் குழுவுக்குச் சென்னியப்பன் ஒரு செயலி எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே போன் பேச டவர் கிடைக்கும், இன்டர்நெட் கிடைக்காது. அதனால் கொடையாளர்களின் விவரமெல்லாம் தொண்டர்களின் போனுக்குள்ளேயே ஒரு சின்னத் தரவுத்தளமாக இருந்தது. அதற்குக் கூட்டத் தெரியும், வரிசைப்படுத்தத் தெரியும். ஒருமுறை ரத்தம் கொடுத்தவர் மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்பது தெரியாது. தெரியாததைச் சொல்லிக்கொடுக்க நாமே ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதி அதில் சேர்த்துவிடலாம். சென்னியப்பன் எழுதிச் சேர்த்தார், ‘கொடுக்கலாமா’ என்று பெயரும் வைத்தார். ஒருவர் கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியைக் காட்டினால், அது போனில் அன்றைய தேதியைப் பார்த்துவிட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும்.

பழைய போன்களில் அது ஆடி அசைந்து வேலை செய்தது. பதில்களை முன்கூட்டியே கேட்டு அடுக்கி வைத்துக்கொண்டால் வேகம் வரும். ஆனால் அப்படி அடுக்குவதற்கு முன் தரவுத்தளம் ஓர் உறுதிமொழி கேட்கும். இந்த ஃபங்ஷன் ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லும் என்று நாம் உறுதி தரவேண்டும். அதற்கு ‘மாறாதது’ என்று ஒரு குறி உண்டு. குறியைப் பார்த்துவிட்டால் தரவுத்தளம் மறுபடி கேட்காது, நம்பிவிடும்.

சென்னியப்பன் குறியை வைத்தார். பெயர்கள் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றன. மனிதர் பூரித்துப் போய் எதிர்க்கடையில் பஜ்ஜி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். நாள் போகப் போக அந்தப் பதில் மாற வேண்டும் என்பது பூரிப்பில் அவருக்குத் தோன்றவில்லை.

ரத்தம் கொடுத்தவரின் விவரம் ஏறிய அன்று பதில் ‘இல்லை’ என்றுதானே வரும்? அந்த இல்லை அப்படியே நின்றுவிட்டது. கொடுக்கக் கொடுக்க ஆட்கள் குறைந்தார்கள். ஜனங்களுக்கு அக்கறை விட்டுப்போச்சு என்று குழுவில் அலுத்துக்கொண்டார்கள்.

பிறகு மலை ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவம். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எளிதில் கிடைக்காத ரத்த வகை. போனைத் தட்டினால் ஒருவரும் இல்லை என்றது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ரங்கன் என்று ஒருவர் இருந்தார். அதே வகை ரத்தம், போன வருஷம் கொடுத்தவர். அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தார், யாரும் கூப்பிடவில்லை. கீழேயிருந்து ஜீப்பில் ரத்தம் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பாதி நம்பிக்கையை விட்டிருந்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்து உட்காரத் தெம்பில்லை, குழந்தையை வேறொருத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சென்னியப்பன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார். கோகிலவாணி நிரலை வாசித்தார். குறி இருந்த வரியில் விரலை வைத்தார்.

“ஏனுங்ண்ணா, இது?”

“நான்தானுங்க டீச்சர் வெச்சேன். வேகமா வரட்டும்னு.” நாள் போனால் பதில் மாறும் என்பது சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. “நான் பண்ணுன தப்புத்தானுங்க.”

கோகிலவாணி தலையாட்டினார். சொல்லிவிட்டதில் சென்னியப்பனுக்குப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. உண்மையை ஒத்துக்கொள்கிற ஆள்தான் நாம் என்று கொஞ்சம் திருப்திகூட வந்தது.

அந்தத் திருப்தி அடங்குவதற்குள் போன் அடித்தது. ரத்த தானக் குழுவின் தலைவர் நடேசன்.

“என்னங்க ஆச்சு? ஏன் ரங்கன் பேரு வரலை?”

“பாத்துட்டே இருக்கறனுங்க. தேதி ஏத்தறதுல ஏதோ கோளாறாட்டத் தெரியுது.”

“நெனச்சேன். அந்தச் சம்பூரணம் புள்ளதானே தேதியெல்லாம் ஏத்துது. இனிமேல் அது இந்த வேலைக்கு வேண்டாம்னு சொல்லீர்றேன்.”

சென்னியப்பன் மறுத்துச் சொல்லவில்லை. மில்லில் நூல் அறுந்தால் எந்த ஷிப்ட், யார் கை என்று சொல்லிவிட்டு நகர்ந்து பழகிய வாய் அது. போனை வைத்தபோது கோகிலவாணி எதிரே உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

மத்தியானம் சம்பூரணமே மலையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள், மிச்ச நேரத்தில் சம்பளமில்லாமல் இந்த விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தவள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு நின்றபடியே கேட்டாள்.

“அண்ணா, நான் எங்கீங்க தப்பாப் போட்டேன்? காட்டுங்க, பாத்துக்கறேன்.”

“உங்க மேல தப்பில்லீங்க அம்மணி. போன் பழசு. அதான் இழுத்துக்குச்சு.”

“நடேசன் ஐயா நான்தான்னு சொன்னாருங்களே.”

“அவருகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க உக்காருங்க.”

சம்பூரணம் உட்கார்ந்தாள். கோகிலவாணி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சென்னியப்பனுக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. லேப்டாப்பைப் பார்ப்பதுதான் சுலபமாக இருந்தது.

“டீச்சர், இதை எப்படிச் சரி பண்றதுங்க?”

“அந்தக் குறிய எடுத்துருங்ண்ணா. அடுக்கி வெச்சதையும் அழிச்சிருங்க.”

எடுத்தார், அழித்தார். தரவுத்தளத்தை மறுபடி தேடச் சொன்னார். திரை யோசித்தது. சம்பூரணம் தண்ணீர் குடித்து முடிக்கிற வரைக்கும் யோசித்தது. பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ரங்கனும் வந்தார்.

“மெதுவா வருதுங்களே.”

“ஒவ்வொருத்தருக்கும் புதுசாக் கேட்டுட்டு வருதுங்ண்ணா. அப்படித்தான் இருக்கும்.”

“அப்ப அந்தக் குறிய எப்பத்தானுங்க வெக்கலாம்?”

கோகிலவாணி மேஜைமேல் கிடந்த சென்னியப்பனின் போனை எடுத்து நடேசனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

“வணக்கமுங்க, நான் கோகிலவாணி. சம்பூரணம் இங்கதான் உக்காந்திருக்குது. நானும் இருக்கறேன். ரங்கன் பேரு ஏன் வரலைன்னு சென்னியப்பண்ணன் சொல்றாருங்க.”

போனை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

சென்னியப்பன் போனைப் பார்த்தார். நடேசனுக்குச் சொன்னதைச் சொன்னால் சம்பூரணம் எதிரே இருந்தாள். சம்பூரணத்துக்குச் சொன்னதைச் சொன்னால் டீச்சர் இருந்தார். காது மடல் சுட்டது. மில்லில் அவர் கைகாட்டி அனுப்பியவர்கள் எல்லோரும் வந்து சுற்றி நிற்பதுபோல வெட்கமாக இருந்தது.

“நடேசனுங்க, தேதியெல்லாம் சரியாத்தான் ஏறியிருக்குதுங்க. போனும் சரியாத்தான் இருக்குது. நான் எழுதுனதுதான் தப்பு. காலைல உங்ககிட்டப் பேசறப்பவே எனக்கு அது தெரியுமுங்க.”

மறுமுனையில் நடேசனின் குரல் உயர்ந்தது.

“தெரிஞ்சுமாங்க அந்தப் புள்ள மேல போட்டீங்க?”

“ஆமாங்க.”

“நான் வேற அதைக் கூப்பிட்டு என்னென்னமோ பேசிப்போட்டேன்.” நடேசன் போனை வைத்துவிட்டார்.

சம்பூரணம் கோபப்படுவாள் என்று சென்னியப்பன் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸுல வர்றப்ப அந்த ஆஸ்பத்திரியத் தாண்டித்தானுங்க வந்தேன். உள்ள போயி அந்தப் புள்ளையப் பாக்கலாம்னு இருந்துச்சு. நான்தான் இப்படிப் பண்ணிப்போட்டேன்னு நெனச்சுட்டு, எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுன்னு போகலீங்க.” எழுந்துகொண்டாள். “இப்பப் போயிப் பாக்கறேன்.”

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. சென்னியப்பன் லேப்டாப்பை மூடி, கோகிலவாணியின் பக்கம் தள்ளி வைத்தார். தலை குனிந்தே இருந்தது.

“டீச்சர், இந்த வேலைய என்கிட்ட இருந்து எடுத்துருங்க. எனக்கு இதுக்குத் தகுதியில்லீங்க.”

கோகிலவாணி லேப்டாப்பைத் திறந்து, அவர் பக்கமே திருப்பி வைத்தார்.

“அந்த ஃபங்ஷன எடுத்துப்போட்டமாங்ண்ணா? குறியத்தானே எடுத்தோம். ஆளுக்கொரு பதில் சொன்னீங்கல்ல, உங்க மேல இருந்த அந்தக் குறியும் போச்சுங்க. உங்களையும் இனிமேல் ஒவ்வொருக்காலும் புதுசாத்தான் கேக்கோணும். மெதுவாத்தான் போகும். வேலையப் பாருங்க.”