மரநாய்க்குச் சீர் சுமந்த தளவாய்

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து நாடொன்றில், எதைச் சொன்னாலும் எட்டு நாளுக்குள் முடிக்கச் சொல்லும் அரசர் ஒருவர் ஆண்டுவந்தார். குளம் வெட்டவும் எட்டு நாள், கிழிந்த குடையைத் தைக்கவும் எட்டு நாள். ஏன் எட்டு என்று கேட்ட ஒரே ஆளுக்கு ஊரைவிட்டுப் போக எட்டு நாள் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்தச் சபையில் விகடம் பேசிப் பிழைக்கிறவன் தாண்டவன். ஆள் ஒல்லி, குரல் தடிமன், முகத்தில் சிரிப்பே வராது. அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. தளவாய் ரணசிங்கரை எரிச்சலூட்டுவது அவன் வேலையில் சேராது, ஆனால் அதுவும் தானாக நடந்துகொண்டிருந்தது. தளவாய் என்றால் படைத்தலைவர். அப்போது போர் எதுவும் இல்லாததால் அவருக்குப் பொறாமைப்பட நிறைய நேரம் கிடைத்தது. தாண்டவனின் ஓட்டு வீட்டைத் தன் குதிரைகளுக்குக் கொட்டடி ஆக்கிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அந்த வருடம் அரசரின் ஒரே மகள் செண்பகவல்லி தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வருவதாக இருந்தது. ராணி காலமாகி நாலு வருடம். தாயில்லாப் பெண்ணுக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று, காற்றோட்டமான மலையடிவாரத்து ஓட்டு மாளிகையைச் சுத்தம் செய்யச் சொல்லி, அரசர் தாமே முன்னால் போய்க் குடியேறினார். மகள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கும்வரை தம்மால் ஒரு உயிருக்கும் தீங்கு வராது என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்.

குடியேறிய மூன்றாம் நாள் மதியம், ஊஞ்சலில் சாய்ந்திருந்த அரசரின் நெற்றியில் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது சொட்டும் விழுந்தது. வெளியே நல்ல வெயில். கூடமெங்கும் சீரகச் சம்பா வடித்தது போல ஒரு வாசனை. சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், இன்னும் உலையே வைக்கவில்லை என்றார். மாளிகையின் பழைய காவல்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது மரநாய், மகாராஜா. கூரைக்குள்ள குடியிருக்கு. அதுமேல அப்படித்தான் வாசம் அடிக்கும். விழுந்தது என்னன்னு நான் சொல்ல வேண்டாம்."

அரசர் தலை முழுகிவிட்டு வந்து சபையைக் கூட்டினார்.

"புகை போட்டால் ஒரு நாழிகையில் வெளியே வந்துவிடும், அரசே" என்றார் தளவாய். "வராவிட்டால் உள்ளேயே முடிந்துவிடும்."

"என் நேர்த்திக்கடன் என்னாவது?"

தளவாய் யோசித்தார். அவர் யோசிப்பது அபூர்வம். யோசித்தால் அது யாருக்காவது கெடுதலாகத்தான் முடியும். "அப்படியானால் அடிக்காமல், பொறி வைக்காமல், புகை போடாமல் அதை அனுப்பவேண்டும். வாள் பிடிப்பவனால் ஆகாத காரியம். வாயால் பிழைப்பவரால் ஆகலாம். தாண்டவர் பேசினால் மயங்காதவர் உண்டா?"

சபை முழுவதும் தாண்டவனைப் பார்த்தது. அரசருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. "ஓலை எழுதுங்கள்" என்றார். "தாண்டவன் எட்டு நாளுக்குள் அந்த உயிரை இந்த வீட்டிலிருந்து அனுப்பிவைக்க வேண்டும். அரச குலத்து முறைப்படி, உரிய மரியாதையோடு, ஒரு மனக்குறையும் இல்லாமல் அது போகவேண்டும். தவறினால் ஒன்பதாம் நாள் தாண்டவன் மனைவியோடு நாட்டின் எல்லையைத் தாண்டட்டும்."

"அவர் வீடு?" என்று கேட்டார் தளவாய்.

"அது உமக்கு."

தாண்டவன் ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணி வைத்து ஏறினான். ஒரே ஒரு ஓட்டை மெல்ல நகர்த்திப் பார்த்தான். தேங்காய் நாரும், அரண்மனைத் திரைச்சீலையில் கிழித்த பட்டுத் துண்டும் போட்டு மெத்தென்று ஒரு படுக்கை. அதில் கண் திறக்காத குட்டிகள் மூன்று. தாய் அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அவன் ஓட்டை எடுத்ததைவிட மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு இறங்கினான்.

வீட்டில் அவன் மனைவி பூங்காவனம் எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தாள்.

"கூடையில அள்ளிட்டுப் போய்க் காட்டுல விட்டா என்னங்க?"

"அம்மாக்காரி மெரண்டு ஓடிரும். குட்டிங்க செத்துரும். மகாராஜா நேர்த்திக்கடனும் போகும், நம்ம வீடும் போகும்."

"அள்ளாம விட்டா?"

"வீடு மட்டும் போகும்."

பூங்காவனம் எழுந்தாள். பாத்திரங்களை எடுத்துச் சாக்கில் போட ஆரம்பித்தாள். பித்தளை அண்டா மட்டும் சாக்கில் கொள்ளவில்லை. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "நம்ம மூத்தவ பொறந்து மூணாம் மாசம் எங்கப்பா குடுத்தனுப்புன சீருங்க இது. அதுவரைக்கும் என்னைப் படியிறங்க விட்டாரா அந்த மனுசன்? இப்ப இதயும் போட்டுட்டுப் போகணுமா?"

தாண்டவன் அண்டாவைப் பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்த ஓலையை எடுத்து முதலிலிருந்து படித்தான்.

"சாக்கைக் கீழ வை" என்றான்.

மறுநாள் காலையிலிருந்து மாளிகையில் புது ஒழுங்குகள் வந்தன. தளவாய் தினமும் வரும்போது முன்னால் ஒருவன் கொம்பு ஊதிக்கொண்டு வருவான். தாண்டவன் வாசலில் நின்று அதை நிறுத்தினான். பிள்ளை பெற்ற வீட்டில் கொம்பு ஊதுவது முறையல்ல என்றான். தளவாய் கோபத்தில் கத்த வாயெடுத்தார். கத்துவதும் முறையல்ல என்றான் தாண்டவன். கூடத்துக்கு அடுத்த அறையில், தளவாய் அரசருக்கு அன்பளிப்பாக அனுப்பிய வாழைத்தார்கள் ஏழு உத்தரத்தில் பழுத்துத் தொங்கின. மரநாயை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததே அந்தத் தார்கள்தான் என்று தாண்டவனுக்குப் புரிந்தது. அவற்றைக் கதவு போட்ட களஞ்சியத்துக்கு மாற்றினான். கடைசியாக அரசரின் ஊஞ்சலைக் கழற்றி நாலு முழம் தள்ளி மாட்டினான். சொட்டு விழும் இடத்தில் ஒரு தாம்பாளம் வைத்தான். அரசரை அவ்வளவு வாட்டிய தொல்லை அந்த நாலு முழத்தில் தீர்ந்துவிட்டது. ஆனாலும் ஆணை ஆணைதான்.

ஆறாம் நாள் செண்பகவல்லி பல்லக்கில் வந்து இறங்கினாள். ஏழு மாதம். நடக்கும்போது இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். கூரையில் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டு, என்னவென்று காவல்காரரிடம் விசாரித்துக்கொண்டாள். தன் கட்டிலை அந்த இடத்துக்குக் கீழேயே, ஆனால் தாம்பாளத்துக்கு எட்டாத தூரத்தில் போடச் சொன்னாள்.

எட்டாம் நாள் சபை கூடியது. அன்று காலையிலேயே தளவாயின் குதிரைக்காரன் தாண்டவன் வீட்டுக்குள் வந்து கயிறு போட்டு அளந்துவிட்டுப் போயிருந்தான். பூங்காவனம் அவனுக்கு மோர் கொடுத்தாள்.

"கூரை காலியா?" என்று கேட்டார் அரசர்.

"இல்லை, அரசே. நாலு பேர் இருக்கிறார்கள்."

"நான் அனுப்பச் சொன்னது ஒன்றைத்தானே?"

"தாங்கள் சொன்ன அன்றைக்கே நாலுதான். மூன்று பேருக்குக் கண் திறக்கவில்லை."

தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார். தாண்டவன் குரலை அசையாமல் வைத்துக்கொண்டான்.

"அரசே, ஓலையில் அரச குலத்து முறைப்படி அனுப்பவேண்டும் என்று இருக்கிறது. அந்த முறை எனக்குத் தெரியாது. அந்தப்புரத்துப் பெண்களை விசாரித்தேன். இந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் மூன்றாம் மாதம், சீர்வரிசையோடு, படைத்தலைவர் முதல் தட்டை ஏந்தி முன்னே நடக்கப் புறப்படுவாள் என்றார்கள். எட்டாம் நாள் அனுப்பும் முறை உண்டா என்று கேட்டேன். அடிக்க வந்துவிட்டார்கள்."

"தாண்டவா, அது மரநாய்."

"ஆம், அரசே. முறை வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, இந்த வீட்டில் பெற்றவளை எட்டாம் நாள் அனுப்பிவிடலாம் என்று எழுதச் சொல்லுங்கள். கூடையோடு இப்போதே ஏறுகிறேன்."

ஓலை எழுதுபவர் எழுத்தாணியை எடுத்தார். அரசர் வாய் திறப்பதற்குள், உள்ளறை வாசலில் நின்றிருந்த செண்பகவல்லி பேசினாள்.

"அப்பா, எழுதுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளலாமா? அம்மா இருந்தால் கேட்டிருக்கமாட்டேன். எனக்கும் எட்டு நாள்தானா?"

அரசர் மகளைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் எல்லோருக்கும் எட்டு நாள் கொடுத்தவர் அவர். ராணி படுக்கையில் இருந்தபோது வைத்தியருக்கும் எட்டு நாள்தான் கொடுத்தார். அது ஒன்றுதான் அவர் சொன்னபடி நடக்கவில்லை. அதை அவரும் மகளும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

"மூன்றாம் மாதம் என்று எழுதுங்கள்" என்றார். "எல்லாம் முறைப்படியே நடக்கட்டும். முதல் தட்டு உட்பட."

தளவாயின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"ஆனால் தாண்டவா, அன்றைக்கும் அவர்கள் போகவில்லையென்றால் நீ போகவேண்டியதுதான்."

குட்டிகள் வளர்ந்தன. ஓட்டுக்கு மேலே ஒன்றையொன்று துரத்தின. தாண்டவன் அரை நாழிகை நடந்து, காட்டோரத்தில் பொந்தும் நிழலுமான பழைய பலாமரம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். அதன் கவட்டையில் நார்மெத்தை போட்ட பெரிய கூடை ஒன்றைக் கட்டினான். கடைசிப் பதினைந்து நாளும், பொழுது சாய்கிற நேரத்தில், காட்டுப் பாதையில் இரண்டு வாழைப்பழம் வைத்துவந்தான். ஒவ்வொரு நாளும் நூறு முழம் தள்ளி வைத்தான். காலையில் போய்ப் பார்த்தால் தோல் மட்டும் கிடக்கும். தோலைக் கண்டபிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும்.

மூன்றாம் மாதம் நல்ல நாள் பார்த்து, மாலையில் சீர் புறப்பட்டது. வாழைப்பழம் ஒரு தட்டு, பலாச்சுளை ஒரு தட்டு, வெல்லம் ஒரு தட்டு. முதல் தட்டைத் தளவாய் ஏந்தினார். பலாமரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு வரவேண்டும் என்பது உத்தரவு. நிறைமாத வயிற்றோடு செண்பகவல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அவள் சிரித்ததைப் பார்த்துக் காவல்காரர்களும் சிரித்தார்கள். தாண்டவன் மட்டும் சிரிக்கவில்லை.

பாதிவழியில் தளவாயின் சொந்த வீடு இருந்தது. அரசருக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று புதிதாகக் கட்டிய ஓட்டு வீடு. ஒரு மாங்கிளை கூரைமேல் சாய்ந்திருக்கும். அதுவரை வந்ததும் தளவாய்க்கு முழங்கால் வலித்தது. மரநாய்க்கு எந்த மரமானால் என்ன என்று நினைத்தார். தட்டுகளைத் தன் கொல்லை மாமரத்தடியில் இறக்கச் சொன்னார். கூட வந்த வீரர்களுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. சீரைக் காட்டில் வைத்தாயிற்று என்று திரும்பிவந்து சொல்லிவிட்டார்.

அன்று தாண்டவன் கூரை ஓட்டையின் வாயில் அரிசிமாவைத் தூவிவைத்தான். காலையில் அதில் வெளியே போன தடம் நாலு, திரும்பிய தடம் ஒன்றுகூட இல்லை. இன்னும் மூன்று நாள் மாவு தூவிப் பார்த்தான். மாவு கலையவில்லை. நாலாம் நாள் ஓட்டையை அடைத்துவிட்டுப் பலாமரத்தைப் பார்க்கப் போனான். கூடை காலியாக இருந்தது. மரத்தடியில் ஒரு பழத்தோல்கூட இல்லை. திரும்பும் வழியில் தளவாய் வீட்டுக் கொல்லையை வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பிறகு நேரே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

அடுத்த வாரம் செண்பகவல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அரசர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது தளவாய் வந்தார். தலை ஈரமாக இருந்தது. அரசர் மூக்கை உறிஞ்சினார்.

"தளவாயாரே, உம் வீட்டில் சீரகச் சம்பா வடிக்கிறார்களா?"

தளவாய் தலைகுனிந்து நின்றார். மறைத்துப் பயனில்லை என்று தெரிந்து, முழங்கால் வலியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். "அரசே, இளவரசிக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்துவிட்டது. நேர்த்திக்கடனும் முடிந்தது. புகை போட அனுமதி வேண்டும். எட்டு நாளுக்குள் முடித்துவிடுகிறேன்."

அரசர் பேத்தியின் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு நாளா? எதற்கு இந்த அவசரம்?" என்றார். பிறகு தாண்டவனைக் கூப்பிட்டார். "முறை தெரிந்தவன் நீதானே. நான் சீர் கொடுத்து அனுப்பிய பெண். சீர் இறங்கிய வீடு அவளுக்கு என்ன வீடு?"

"புகுந்த வீடு, அரசே."

"புகுந்த வீட்டில் அவளுக்குப் புகை போட்டால்?"

"பிறந்த வீட்டார் போய்க் கேட்பார்கள், அரசே. சில சமயம் படையோடு போவதும் உண்டு. படைத்தலைவர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்பதுதான் தெரியவில்லை."

அரசருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. குழந்தை விழித்துக்கொண்டது. ராணி போனபிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து மகளும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அரசர் தம் தோளில் இருந்த சால்வையை எடுத்துத் தாண்டவனுக்குப் போர்த்தினார். அவன் வீடு தலைமுறைக்கும் அவனுடையது என்று செப்பேடு வெட்டச் சொன்னார். மாதம் ஒருமுறை அவன் பெண்ணைப் பெற்ற வீட்டின் சார்பாகத் தளவாய் வீட்டுக்குப் போய், அவள் நலமாக இருக்கிறாளா என்று பார்த்துவர வேண்டும் என்றும் கட்டளையிட்டார். செப்பேட்டை வெட்டி முடிக்க எத்தனை நாள் என்று சிற்பி கேட்டதற்கு, உனக்கு வேண்டிய நாள் எடுத்துக்கொள் என்றார்.

முதல் மாதம் தாண்டவன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனான். தளவாய் அவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். பாய் விரித்து உட்காரவைத்தார். மேலே ஓடு கடகடவென்று உருண்டது.

"தாண்டவரே, இது எத்தனை மாதத்துக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"புகுந்த வீட்டுக்கு ஏது மாதக் கணக்கு?" என்றான் தாண்டவன். "முதலில் ஊஞ்சலை நாலு முழம் தள்ளிப் போடுங்கள், சம்பந்தி."