வலப்பக்கத்து எழுத்துரு

தணிகைவேலுக்கு வயிறு எரிந்தது. லேசுப்பட்ட எரிச்சல் இல்லை, சோறு இறங்காத எரிச்சல்.

மெஹருன்னிசா டீச்சரிடம் தமிழ் எழுத்துரு செய்யக் கற்றவர்கள் இரண்டு பேர். தணிகைவேல் மூத்த மாணவர். ஜெனிட்டா நேற்று வந்தவள். லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் இருவரில் ஒருவருடைய எழுத்துருதான் போகும். எது என்று டீச்சர் இன்று சொல்லியாக வேண்டும். லினக்ஸ் குழுவில் எல்லோரும் ஜெனிட்டா, ஜெனிட்டா என்று உருகுகிறார்கள். எப்படித் தாங்குவார் மனுஷன்?

"அப்படி என்ன டீச்சர் இருக்கு அவளோடதுல?" என்று கேட்டே விட்டார்.

டீச்சர் கணினிப் பக்கம் திரும்பினார். இணையப் பக்கங்களைக் காட்டும் இரண்டு பிரவுசர்களைத் திறந்தார். இடப்பக்கம் ஃபயர்பாக்ஸ், வலப்பக்கம் குரோமியம். இரண்டிலும் ஒரே செய்தி.

"பாருங்க. எது தேவலை?"

தணிகைவேல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இடப்பக்கத்தில் இருப்பது தம் எழுத்து. பெற்ற பிள்ளையைத் தெரியாதா?

"இடது பக்கம்தான். கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு!"

"வலது?"

"ஐயே! 'ழ'வோட வாலைப் பாருங்க, மசமசன்னு. 'ண'வில சுழியெல்லாம் அடைஞ்சு கிடக்கு. என்னைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிச்சிருக்கா. அதையாவது உருப்படியா அடிச்சாளா?"

"நல்லாப் பார்த்துட்டீங்களா?"

"இதுக்கு மேல என்ன பார்க்கிறது? குப்பை."

டீச்சர் வலப்பக்கத்து வரியைச் சுட்டி, எழுத்துருவின் பெயரைத் திறந்து காட்டினார். தணிகைவேல் வைத்த பெயர்தான் அங்கே இருந்தது. இடப்பக்கத்திலும் அதேதான்.

"ரெண்டுமே என்னோடதா?"

"ஆமா. ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாக் காட்டும். உங்களுக்குத் தெரியாததா?"

மனுஷனுக்குக் காது சிவந்துவிட்டது. சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்கவா முடியும்? பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ... ஜெனிட்டாவோடது?"

டீச்சர் மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இத்தனை நாளா அதை நீங்க திறந்துகூடப் பார்க்கலையே, தணிகைவேல். இப்பப் பாருங்க. எதை அனுப்பலாம்னு நீங்களே சொல்லுங்க."