இரும்பும் மீனும் பங்கிட்ட பெயர்

அந்தக் காலத்தில் கரைக்கு வரும் மீன்கள் மனிதரோடு பேசின. ஒரு பெயரை ஒருவர்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற கட்டுப்பாடும் அப்போது இருந்தது. நண்டின் பெயர் நண்டுக்கு, துடுப்பின் பெயர் துடுப்புக்கு. கொடுத்துவிட்டால் கொடுத்தவரிடம் அது இருக்காது.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்வாய் என்றொரு ஊர். அங்கே செம்பாயி என்ற பெண் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்துக் கொடுத்துவந்தாள். மணலுக்கு அடியில் சுக்கான் பாறை கெட்டியாகப் படிந்திருக்கும். அதைக் குத்தி உடைக்க ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு வைத்திருந்தாள். பாரை என்பது அதன் பெயர். ஊரில் வேறு யாரிடமும் அப்படியொன்று இல்லை.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆறு பெருகி வந்தது. ஆனால் கடலில் சேரும் வாயை மணல் மேடு அடைத்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர் ஊரைச் சுற்றிக்கொண்டது. மேட்டுநிலத்துக்குப் போகும் பாதை காலையிலேயே முங்கிவிட்டது. குடிசைக்குள் தண்ணீர் ஏற, பெண்கள் குழந்தைகளைக் கட்டுமரங்களின் மேல் ஏற்றினார்கள்.

கட்டுமரங்களுக்குத் தலைவரான வீரக்குட்டி தண்டல், “கடவுள் விட்ட வழி” என்று உட்கார்ந்துவிட்டார்.

“வழியை நாமதான் வெட்டணும், மாமா. எழுந்திரிங்க” என்றாள் செம்பாயி.

ஊரே கையாலும் பலகையாலும் மணலை வாரியது. கால்வாய் இறங்கிக்கொண்டே போய், கடல் ஓரத்தில் நின்றுவிட்டது. அங்கே சுக்கான் பாறை குறுக்கே கிடந்தது. செம்பாயி பாரையை ஓங்கிக் குத்தினாள். பாறை கீறியது, பிளக்கவில்லை. கீறலுக்குள் பாரையைச் செருகினாள். இனி அதன் தலையைக் கடல் பக்கமிருந்து நெம்ப வேண்டும். அங்கே இறங்கியவர்களை எல்லாம் அலை தூக்கிக் கரையில் எறிந்தது.

அலைக்குள் ஒரு பெரிய வெள்ளை மீன் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கூர் முகமும் வழவழப்பான உடம்பும் கொண்ட மீன்.

“நீ தள்ளுவியா?” என்று கேட்டாள்.

“தள்ளுவேன். என்ன தருவ?”

“வாய் திறந்தா ஆத்துல இருக்கிற இறால் எல்லாம் உனக்குத்தான்.”

“அது திறந்தா தானா வரும். எனக்குப் பேர் இல்ல. சுறாவுக்கு இருக்கு, திருக்கைக்கு இருக்கு. என்னைப் பிடிச்சா சில்லறை மீனோட சேர்த்துக் கூடையில கொட்டுறீங்க. ஒரு நல்ல பேரா குடு, அக்கா.”

புதுப் பெயர் யோசிக்க நேரமில்லை. தண்ணீர் கட்டுமரங்களைத் தூக்கத் தொடங்கியிருந்தது. தன்னிடம் இருந்த நல்ல பெயர் எது என்று செம்பாயிக்குத் தெரியும்.

“பாரை. எடுத்துக்க” என்றாள்.

“அடி, அது நம்ம இரும்போட பேரு” என்று தண்டல் தடுத்தார்.

“ஊர் இருந்தாதானே மாமா இரும்புக்கு வேலை?”

மீன் பின்வாங்கிப் போய், வேகமெடுத்து வந்து, இரும்பின் தலையில் நெற்றியால் மோதியது. கூர் முகம் மழுங்கியது. மறுபடி மோதியது. பாறை பிளந்தது. அடைபட்டிருந்த ஆறு முழுவதும் அந்தப் பிளவில் பாய்ந்தது. பாறைச் சில்லுகள் மீனின் பின்பக்கம் வரிசையாக ஏறிப் பதிந்தன. இரும்பைக் கடல் கொண்டுபோயிற்று. பொழுது சாய்வதற்குள் குடிசைகளில் தரை தெரிந்தது.

வெயில் வந்ததும் செம்பாயி கொல்லர் மாசாணத்திடம் போனாள்.

“என்ன செய்யணும், தாயி?”

அவளால் சொல்ல முடியவில்லை. பாரை என்றால் இப்போது அந்த மீன்தான்; இரும்பைச் சொல்ல அவளிடம் பெயர் இல்லை. நீளமாக, கனமாக என்று கையால் காட்டினாள். கொல்லர் ஓர் உலக்கைப் பூண் செய்தார். பிறகு ஒரு நங்கூரம் செய்தார். ஊற்றுகள் தூர்ந்து ஊர் தாகத்தில் தவித்தது.

செம்பாயி கடலோரம் போய், “பாரை” என்று கூப்பிட்டாள். மீன் உடனே வந்தது. யாரோ தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததில் அதற்கு அத்தனை பெருமை.

“குடுத்ததைத் திரும்பக் கேட்க வரல. பேரு என்ன சோறா, ஒருத்தர் தின்னா தீர்ந்துபோக? என் இரும்பும் அதை வச்சுக்கட்டும். நீயும் வச்சுக்க.”

“அப்படி ஒரு வழக்கம் இல்லையே, அக்கா.”

“நாம ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா வழக்கம்தான்.”

மீன் மழுங்கிய நெற்றியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி அவளைப் பார்த்தது. “இது உன் இரும்பு இடிச்ச நெத்தி. எங்களுக்குள்ள என்ன வேத்துமை? வச்சுக்கச் சொல்லு” என்றது.

செம்பாயி கொல்லரிடம் திரும்பிப் போய், “பாரை” என்று வாய்விட்டுச் சொன்னாள். மாசாணம் அன்றே உலை மூட்டினார்.

அன்று முதல்தான் பாரை மீனுக்கு மொட்டை நெற்றியும் வாலோரம் கெட்டிச் செதில் வரிசையும். ஆற்று வாய் திறந்தால் அது உள்ளே ஏறுவதும் அன்று முதல்தான். ஒரே பெயர் இரண்டுக்கும் ஆகிவந்ததில் இன்றுவரை யாருக்கும் குழப்பமில்லை. தோளில் வந்தால் இரும்பு, கூடையில் வந்தால் மீன்.