கத்தக் கூடாத பல்கலைக்கழகம்

காட்டுக்குள் ஒரு குளம் இருந்தது. கரையெல்லாம் மருதமரங்கள். மரத்தின் மேல் மந்திகள் வாழ்ந்தன. கீழே புள்ளிமான்கள் மேய்ந்தன. மந்திகள் தின்று சிந்திய தளிரும் காயும் மான்களுக்கு உணவு. மான்கள் தண்ணீருக்கு இறங்கும்போது மந்திகள் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தால் போதும். "கக்கர்! கக்கர்!" என்று காடு அதிரக் கத்தும். மான்கள் ஓடித் தப்பிவிடும். இதற்காக யாரும் யாருக்கும் கூலி கொடுத்ததில்லை.

அந்தக் குளக்கரையில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. நாரைதான் துணைவேந்தர். இடம் கொடுத்துதவிய புரவலர் சிறுத்தை.

"இங்கே படித்தால் வேலை நிச்சயம்! படித்து முடித்தால் உங்கள் இனத்துக்கே தலைவர்!" என்று நாரை காடெல்லாம் பறந்து சொன்னது.

அப்போது கடும் கோடை. மற்ற மரங்களில் பழம் தீர்ந்துபோயிருந்தது. பழுத்து நின்ற ஒரே அத்திமரமும் சிறுத்தையின் பிடியில் இருந்தது. துருவி என்ற இளம் மந்தியை அதன் தாய் கூப்பிட்டது.

"போய்ப் படிடி! வேலை கிடைத்தால் சம்பளமாக அத்திப்பழம் தருகிறார்களாம். உன் தம்பிகள் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள், பார்!"

துருவி போய்ச் சேர்ந்தது.

நாரை ஒற்றைக்காலில் நின்று வகுப்பைத் தொடங்கியது. "முதல் பாடம். கத்தக் கூடாது!"

"ஏன் ஐயா?" என்றது துருவி.

"கத்துவது காட்டுமிராண்டித்தனம்!"

"நாம் காட்டில்தானே ஐயா இருக்கிறோம்?"

வகுப்பே சிரித்தது. நாரை கழுத்தை நீட்டி முறைத்தது. "தலைவராகப்போகிறவர் குரலை உயர்த்தமாட்டார். சொல்ல வேண்டியதை யோசித்து, பணிவாகப் புரவலரிடம் விண்ணப்பிப்பார்."

"புரவலரைப் பற்றியே புகார் இருந்தால்?"

"தேர்வில் வராத கேள்வியைக் கேட்காதே!"

கோடை முழுவதும் பயிற்சி நடந்தது. மந்திகள் தொண்டைக்குள்ளேயே பேசப் பழகின. கையைக் கட்டி நிற்கப் பழகின. "மாண்புமிகு" என்று தொடங்கிப் பேசப் பழகின. இதில் நெளியன் என்ற மந்திதான் முதல் மாணவன். அது கொட்டாவி விட்டால்கூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் விடும்.

படிப்பு முடியும் சமயம் சிறுத்தை நேர்காணலுக்கு வந்தது. பாறைமேல் சாய்ந்து படுத்துக்கொண்டு நெளியனைக் கூப்பிட்டது.

"நான் குளத்துப் பக்கம் நடந்து வருகிறேன். நீ மேலிருந்து பார்க்கிறாய். என்ன செய்வாய்?"

"பணிவோடு வணக்கம் சொல்வேன், ஐயா. சத்தமில்லாமல்!"

"அருமை! இன்றுமுதல் நீ கிளை மேலாளர். குளத்துக்குப் போகும் பாதைக்கு மேலே ஒரு கிளை இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் போதும். பழம் வந்து சேரும்."

அடுத்து துருவி நின்றது. "எனக்கு ஒரு சந்தேகம், ஐயா. உட்காருவது மட்டும்தான் வேலை என்றால் அதற்குச் சம்பளம் எதற்கு?"

சிறுத்தையின் மீசை துடித்தது.

"அதுவும் ஏன் அந்தக் கிளை? காட்டில் வேறு கிளையே இல்லையா?"

"கேள்வி கேட்கிற நோய் உனக்கு முற்றியிருக்கிறது. குணப்படுத்திக்கொள். பட்டத்தை வாங்கிக்கொண்டு வா. இன்னொரு கிளை காலியாக இருக்கிறது" என்றது சிறுத்தை.

துருவிக்குத் தம்பிகளின் பசி தெரியும். ஆனாலும் அந்தக் கிளையின் மர்மம் அதை விடவில்லை. மறுநாள் மாலை தானே போய்ப் பார்த்தது. நெளியன் அங்கே அத்திப்பழம் மென்றுகொண்டிருந்தது.

"வாம்மா துருவி! வேலை கேட்டு வந்தாயா?"

"இல்லை அண்ணே. இங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்க வந்தேன்."

துருவி குனிந்து பார்த்தது. பாதையோரம் ஒரு புதர். புதருக்குள் புல் படுத்துக் கிடந்தது. யாரோ அடிக்கடி படுத்து எழுந்த இடம் அது. இந்தக் கிளையைத் தவிர வேறு எங்கிருந்தும் அந்தப் புதருக்குள் பார்க்க முடியாது.

'அடடா, இதற்குத்தானா!' என்று துருவி நினைப்பதற்குள் புதருக்குள் ஏதோ அசைந்தது. மஞ்சள் தோல். கரும்புள்ளிகள்.

மான்கூட்டம் பாதையில் வந்துகொண்டிருந்தது. முன்னால் செவலை என்ற பெண்மான். பிறந்து சில நாளே ஆன அதன் குட்டி, பட்டாம்பூச்சியைத் துரத்திக்கொண்டு புதரை நோக்கியே துள்ளியது. காற்று மான்களின் முதுகுப்புறமிருந்து வீசியது. சிறுத்தையின் வாடை அவற்றுக்கு எட்டவில்லை. மந்தி கத்தவில்லை என்பதால் பயமும் இல்லை.

துருவி வாயைத் திறந்தது. "மாண்புமிகு மான்களே... தங்கள் மேலான கவனத்துக்கு..."

குரல் தொண்டையைத் தாண்டவில்லை. துருவி திடுக்கிட்டது. கற்ற பாடம் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது!

"சும்மா இருடி! பட்டம் போய்விடும்! பழம் போய்விடும்!" என்று நெளியன் அதன் வாயைப் பொத்தியது.

குட்டி புதரருகே வந்துவிட்டது. சிறுத்தை உடலைத் தாழ்த்தியது.

துருவி நெளியனின் கையைக் கடித்து உதறியது. "கக்கர்! ஓடுங்கள்! கக்கர்! புதருக்குள் சிறுத்தை! கக்கர்!"

காடு அதிர்ந்தது. செவலை குட்டியை முட்டித் தள்ளியது. இரண்டும் பாய்ந்தன. சிறுத்தையின் நகத்தில் நாலு மயிர் மட்டுமே மிஞ்சியது.

பசியோடு சிறுத்தை மேலே பார்த்தது. துருவி உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. நெளியன் மட்டும் கையைக் கட்டி நின்றது.

"வணக்கம் ஐயா! கத்தியது நானில்லை..."

சிறுத்தை தாவியது. நெளியனின் வாலில் பாதி போயிற்று. "ஐயோ! கக்கர்! கக்கர்!" என்று அது அலறிக்கொண்டு ஓடியது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே குரல் வந்துவிட்டது!

மறுநாள் பல்கலைக்கழகத்தில் விசாரணை.

"நீ கத்தினாயா?" என்றது நாரை.

"கத்தினேன், ஐயா."

"பட்டம் கிடையாது!"

"சரி. ஒரே ஒரு கேள்வி, ஐயா. கத்தக் கூடாது என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

நாரையை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "யாரும் இல்லை. நான் தண்ணீரில் அசையாமல் நிற்பேன். மீன் தானாக வரும். அப்படித்தான் நான் பிழைத்தேன். எல்லோருக்கும் அதுவே நல்லதென்று நினைத்தேன்."

"நீங்கள் பேசாமல் நின்றால் உங்களுக்கு மீன் கிடைக்கும், ஐயா. நாங்கள் பேசாமல் நின்றால் சிறுத்தைக்கு மான் கிடைக்கும்!"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பாதி வாலோடு மூலையில் இருந்த நெளியன் தலையைக் குனிந்தது.

அப்போது செவலை குட்டியோடு உள்ளே வந்தது. நாரையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் மான்கூட்டம் முழுவதும் நின்றது.

"அடியே துருவி, நாளைக்கு எந்த மரத்தில் இருப்பாய்? நாங்கள் அந்தப் பக்கமாகவே தண்ணீருக்கு இறங்குகிறோம். அங்கே தளிர் இல்லையென்றால் சொல். முட்செடிக்குள் களாப்பழம் பழுத்திருக்கும் இடம் எங்களுக்குத் தெரியும். வழி காட்டுகிறோம். உன் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு வா."

துருவி எழுந்து நடந்தது. ஒவ்வொன்றாக மற்ற மந்திகளும் எழுந்து அதன் பின்னால் போயின. நாரை மட்டும் ஒற்றைக்காலில் நின்றது.

தன் இனத்துக்கும் அண்டை இனத்துக்கும் ஆபத்து வரும்போது வாய் திறக்கவிடாத கல்வி வேலைக்காரர்களை உண்டாக்கலாம், தலைவரை ஒருநாளும் உண்டாக்காது.