முப்பத்தொன்றாம் துண்டு

அணையின் அடிச்சேற்றை ஆராய வந்த பூவலிங்கத்துக்கு வயது நாற்பத்தெட்டு. பள்ளியில் வேதியியல் வாத்தியார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் ஸ்டெல்லா பத்து வயது இளையவர். ஆகவே பூவலிங்கம் ஸ்டெல்லாவை ‘மேடம்’ என்பார். ஸ்டெல்லா பூவலிங்கத்தை ‘சார்’ என்பார்.

அணைக்குள் குழாயை இறக்கி எடுத்த சேறு அது. மேலே புதிய வருஷம், கீழே பழைய வருஷம். மேலிருந்து சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாக அறுத்து, எண் போட்டு, எதில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

அட்டவணையைப் படித்துக்கொண்டே வந்த ஸ்டெல்லா ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“முப்பத்தொன்று என்ன ஆச்சு சார்?”

“கெட்டுப்போச்சு மேடம். கைதவறித் தண்ணி கொட்டிருச்சு.”

“பக்கத்துல இருந்த முப்பது நனையலையா?”

“இல்ல மேடம்.”

“கெட்டிக்காரச் சேறுதான்.”

ஸ்டெல்லா எழுந்துபோய்க் குளிர் அறையிலிருந்து ஒரு நீளப் பெட்டியைக் கொண்டுவந்தார். குழாயை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்குக் கொடுத்து, மறு பாதியைத் தொடாமல் வைப்பது அங்கே வழக்கம். பூவலிங்கத்துக்கு அது தெரியும். பயத்தில் மறந்திருந்தார்.

“வெட்டுங்க சார்.”

கத்தியை வாங்கினார். கை போகவில்லை.

“ஈயம், மேடம். மத்ததைவிட இருபது மடங்கு.”

“அப்போ பார்த்திருக்கீங்க.”

“முப்பதுல வெள்ளம் கொண்டாந்த மணல் இருக்கே, அதுக்கு முந்தின வருஷம் இது. அணைக்கு வர்ற வாய்க்கால் ஓரத்துல பட்டறை போட்டுப் பழைய பேட்டரி உடைச்சு ஈயம் எடுத்தேன். கழிவை வாய்க்கால்லயே ஊத்தினேன். வெள்ளம் பட்டறையை அடிச்சிட்டுப் போறவரைக்கும்.”

“அணைத் தண்ணி எங்கே போகுது?”

“கீழ மூணு ஊருக்கு. குடிக்க. அதுல ஒரு ஊர்லதான் இப்ப பாடம் எடுக்கிறேன். டீக்கடையில என்னைப் பார்த்தா எந்திரிச்சு நிக்கிறாங்க மேடம்.”

ஸ்டெல்லா கத்தியை வாங்கித் துண்டைத் தானே அறுத்தார். கறுத்த சேறு, மற்றதைப் போலத்தான் இருந்தது. பொட்டலத்தில் போட்டு நீட்டினார். பூவலிங்கம் அதன்மேல் ‘31’ என்று எழுதினார்.

“இது வெளிய வந்தா என் பேரும் வந்துடுமா மேடம்?”

“வராது சார். சேறு வருஷத்தைச் சொல்லும், ஈயத்தைச் சொல்லும். பேரைச் சொல்ல அதுக்கு வாய் கிடையாது. உங்களுக்கு இருக்கு.”