மூட்டை இட்ட குருவி

தருமபுரிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்பு கோகிலவாணி தினமும் மதியம் சாப்பிட்டதும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பாள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளைக்குப் பிள்ளை வாத்தியாரா?" என்றவர், கரும்பலகையில் தானே ஒரு வரி எழுதினார்: 'குருவி கூட்டில் முட்டை இட்டது.'

"வாசிங்க!" என்று அதட்டினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசை மாதேசு அழவே ஆரம்பித்துவிட்டான்.

"ஒரு எழுத்துகூடத் தெரியல. நாளையிலிருந்து இதை நிறுத்திடுங்க" என்றார் தலைமையாசிரியையிடம்.

கோகிலவாணி எழுந்து, "சார், நான் ஒரு தடவை வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள். பலகையைப் பார்த்து, "குருவி கூட்டில் மூட்டை இட்டது" என்றாள்.

அதிகாரி சிரித்தார். "வாத்தியாரம்மாவுக்கே தெரியலையே!"

அதற்குள் மாதேசு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "அய்யோ அக்கா, மூட்டை இல்ல, முட்டை!"

"அப்படியா? குருவி காட்டில் முட்டை இட்டதா?"

"காட்டில் இல்லக்கா, கூட்டில்!" வகுப்பே கத்தியது. ஒரு சிறுமி பலகைக்கே ஓடிப்போய் அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அதிகாரி கோகிலவாணியைப் பார்த்தார். "வேணும்னேதான் தப்பா வாசிச்சியா?"

"ஆமா சார். அதட்டிக் கேட்டா பயந்துக்குவாங்க. தப்பா வாசிச்சா விடவே மாட்டாங்க."

அதிகாரி சாக்பீஸை எடுத்து 'மாடு பால் தரும்' என்று எழுதினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக வாசித்தார்.

"மாடு பல் தரும்."

"சார், தப்பு!" என்று இருபது குரல்கள் ஒன்றாகக் கிளம்பின.