சுவருக்குள் ஒரு குழாய்

"சாமி, தியானத்துல உக்காந்தா மூக்குல ஒரு வாடை அடிக்குது."

"என்ன வாடை?"

"கேஸ் வாடை."

சாமி கண்ணைத் திறந்தார்.

போளூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற மடம் அது. அங்கே கேஸ் அடுப்பே கிடையாது. விறகுதான்.

கேட்டவர் பெயர் தணிகாசலம். ஊரில் ஜவுளிக்கடை நடத்தி, அதை மகன் கையில் கொடுத்துவிட்டு மடத்தோடு ஒட்டிக்கொண்டவர். வெள்ளிக்கிழமை பஜனை என்றால் முதல் குரல் அவருடையதுதான். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும்.

சாமிக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. சீடர்களில் பாதிப் பேர் அவருக்கு அப்பா வயசு. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். உதைப்பதும் அந்த மரியாதையோடுதான்.

"எத்தனை நாளா அடிக்குது?"

"வீட்டை வித்ததுல இருந்து."

"மங்கை வாங்கினாங்களே, அந்த வீடா?"

"ஆமா சாமி."

மங்கையர்க்கரசி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் புருஷன் செங்குட்டுவன் லாரி ஓட்டுகிறவன். இரண்டு பேரும் மடத்துக்கு வந்து போகிறவர்கள்தான். வாடகை வீட்டிலேயே காலம் தள்ளி, இப்போதுதான் சொந்தமாக ஒரு கூரையைப் பார்க்கிறார்கள். 'உங்க வீடுன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் அண்ணா' என்று சொல்லித்தான் வாங்கினாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வாங்கியும் விட்டாள், பாவம்.

"ஒரு சந்தேகம் சாமி. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"கேளுங்க."

"கேக்காத விஷயத்தைச் சொல்லாம விட்டா, அது பொய் ஆகுமா?"

தணிகாசலம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆரம்பித்தது கொட்டித்தானே தீரும்.

"சிலிண்டர் பின்கட்டுல வெளிய இருக்கு சாமி. அங்கிருந்து ஒரு குழாய் சுவருக்குள்ளயே ஓடி சமையல்கட்டுக்கு வருது. பழைய குழாய். நடுவுல ஒரு இணைப்பு விட்டுப்போச்சு. மங்கை வீடு பாக்க வர்ற சமயத்துலதான் வாடை வந்துச்சு. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். சுவரை உடைச்சுத்தான் மாத்தணும்னான்."

"உடைச்சீங்களா?"

"விக்கிற வீட்டை யாராவது உடைப்பாங்களா? மேல டைல்ஸ் ஒட்டிட்டேன். சிலிண்டரைக் கழட்டிட்டு கரண்ட் அடுப்புல சமைச்சோம்."

"அப்புறம்?"

"டைல்ஸ் போட்டாச்சே, இனிமே கசியாதுன்னு நினைச்சேன்."

"நிஜமா நினைச்சீங்களா?"

தணிகாசலம் தலை குனிந்தார்.

"இல்ல சாமி. நினைக்கணும்னு நினைச்சேன்."

மடத்துப் பின்பக்கம் யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

"நேத்து சாயந்திரம் மங்கை போன் பண்ணுச்சு. புது சிலிண்டர் மாட்டி அடுப்பு பத்த வெச்சுப் பாத்தோம் அண்ணா, ஜோரா எரியுதுன்னு. அப்படியே ஜன்னல் எல்லாம் சாத்தி, வீட்டைப் பூட்டிட்டோம்னு. முகூர்த்தம் வரைக்கும் உள்ள யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு மாமியார் கண்டிஷனா சொல்லிட்டாங்களாம்."

"ரெகுலேட்டரை மூடினாங்களா?"

"அது… அடுப்பைத்தான் அணைச்சேன்னுச்சு. ரெகுலேட்டரைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

சாமி எழுந்துவிட்டார்.

"பால் காய்ச்சறது எப்ப?"

"இன்னிக்குத்தான். இப்ப… கொஞ்ச நேரத்துல. சாமி, நான் கேட்டதுக்கு…"

"என் செருப்பு எங்க?"

"பொய் ஆகுமான்னு கேட்டேனே?"

"வண்டியை எடுங்கய்யா!"

ஸ்கூட்டர் செம்மண் பாதையில் குதித்துக் குதித்துப் போனது. பின்னால் உட்கார்ந்து சாமி மங்கைக்குப் போன் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. செங்குட்டுவனுக்குப் போட்டார். அதுவும் அடித்து அடித்து ஓய்ந்தது.

"மேளச் சத்தத்துல கேக்காது சாமி" என்றார் தணிகாசலம்.

"முறுக்குங்க."

"சாமி, ஒரே ஒரு வேண்டுகோள். நீங்க சொன்னா கேப்பாங்க. இன்னிக்கு நேரம் சரியில்ல, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு சொல்லிடுங்க. அதுக்குள்ள ராத்திரியோட ராத்திரியா ஆளை வெச்சு நானே சரி பண்ணிடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

"நேரம் நல்லாத்தான் இருக்கு."

"ஊருக்கு முன்னாடி என் மானம் போயிடும் சாமி. வீட்டைத் திருப்பிக்கச் சொல்லுவாங்க. மகன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஆடி அசைந்து வந்தது. தணிகாசலம் ஒவ்வொரு பெட்டியாக எண்ணினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தெருமுனையிலேயே மேளம் கேட்டது.

வாசலில் பந்தல். இரண்டு பக்கமும் வாழைமரம். பசுவும் கன்றும் அலங்காரத்தோடு நின்றன. கதவு இன்னும் திறக்கவில்லை. தணிகாசலத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"சாமி வந்துட்டாங்க! அண்ணாவும் வந்துட்டாங்க!" பட்டுப்புடவையில் மங்கை ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். நல்ல நேரம் ஆரம்பிச்சாச்சு."

கையில் காமாட்சி விளக்கு. ஏற்றி வைத்த விளக்கு. புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியது அதுதானே. அதற்குப் பின்னால் சாமி படம், உப்பு, மஞ்சள், எரிகிற கற்பூரத் தட்டு, சாம்பிராணி. அதற்கும் பின்னால் பால் சொம்போடு மாமியார்.

"சாமி, உங்க கையால விளக்கை உள்ள கொண்டு போங்க."

சாமி விளக்கை வாங்கினார். வாங்கி, தணிகாசலத்திடம் நீட்டினார்.

"இவர் வாழ்ந்த வீடு. இவர் கொண்டு போகட்டும்."

"அதுவும் சரிதான்!" என்றாள் மங்கை. "அண்ணா கை ராசியான கை."

தணிகாசலம் விளக்கை வாங்கிக்கொண்டார். சுடர் ஆடியது.

"சாமி…" என்றார் மெல்ல.

சாமி யாரோ ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த நிறைகுடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"நடங்க அண்ணா, நேரம் போகுது" என்றாள் மங்கை.

"ஆமா, உன் மாமியாருக்கு அவசரம்" என்று கூட்டத்தில் யாரோ கிண்டல் செய்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

தணிகாசலம் ஓர் அடி வைத்தார். செங்குட்டுவன் படியேறிச் சாவியைப் பூட்டில் நுழைத்தான். நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்குத் தயாராயிற்று.

மங்கையின் சின்ன மகள் தணிகாசலத்தின் வேட்டியைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"தாத்தா, சீக்கிரம் போ. நான்தான் முதல்ல ஓடி என் ரூமைப் பாக்கணும்."

பூட்டு திறந்துகொண்டது.

செங்குட்டுவன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

தணிகாசலம் சுடரை வெறும் கையால் அமுக்கினார்.

"ஐயையோ!" என்று அலறினாள் மாமியார். "விளக்கை அணைச்சுட்டானே! பாவி, வாழப்போற வீட்டு விளக்கை அணைச்சுட்டானே!"

மேளம் நின்றது. செங்குட்டுவன் திரும்பினான். அவன் கண்ணைப் பார்த்தால் அடித்தே விடுவான் போலிருந்தது.

"திறக்காதே!" தணிகாசலம் கத்தினார். வெள்ளிக்கிழமை பாடுகிற குரல் இல்லை அது. தொண்டை கிழிந்தது. "கதவை விட்டுட்டு இறங்குடா! கற்பூரத்தை அணைங்க! சாம்பிராணியைத் தள்ளிக் கொண்டு போங்க! குழந்தைங்களைத் தெருக்கோடிக்கு இழுத்துட்டுப் போங்க! உள்ள கேஸ் ரொம்பியிருக்கு!"

"என்ன அண்ணா சொல்றீங்க?" என்றாள் மங்கை.

"சுவருக்குள்ள குழாய் ஓட்டை. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வித்தேன்."

கன்றுக்குட்டி மட்டும் மணியை ஆட்டியது.

நிறைகுடத்துத் தண்ணீரை சாமி கற்பூரத் தட்டில் கொட்டினார். புஸ்ஸென்று புகை வந்து அடங்கியது.

தணிகாசலம் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. சிலிண்டர் அங்கேதான் இருந்தது. ரெகுலேட்டர் திறந்தே கிடந்தது. மூடினார். கழற்றினார். செங்குட்டுவன் வந்து ஒரு வார்த்தை பேசாமல் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் காலி மனையில் வைத்தான்.

பிறகு தணிகாசலம் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வாசல் கதவைத் தள்ளினார்.

வாடை வெளியே வந்தது. படியில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். மாமியார் பால் சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு, பேத்தியை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

"லைட்டைப் போடுங்க, உள்ள இருட்டா இருக்கு" என்றான் ஒருவன்.

"எந்த சுவிட்சையும் தொடாதே!" உள்ளேயிருந்து தணிகாசலம் கத்தினார். "காலிங் பெல்லையும் தொடாதே! யாரும் உள்ள வராதீங்க!"

ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். அவர் திறந்து திறந்து மூடிய ஜன்னல்கள்தான். கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. வாடையாலா, வேறு எதனாலா என்று அவருக்கே தெரியாது.

வெளியே வந்தபோது மங்கை எதிரே நின்றாள்.

"நாங்க வீடு பாக்க வந்தப்ப சாம்பிராணி போட்டு வெச்சிருந்தீங்களே."

"ஆமாம்மா."

"கோயில் மாதிரி மணக்குதுன்னு சொன்னேன் அண்ணா. கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கினேன்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பால் காய்ச்சின வீட்டுல அன்னிக்கு ராத்திரியே படுக்கணும்னு, புள்ளைங்களுக்குப் பாய் தலகாணி எல்லாம் நேத்தே உள்ள கொண்டு போய் வெச்சேன்." அவள் திறந்து கிடந்த வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "அதைக் கூட உங்ககிட்ட சொன்னேன். சந்தோஷம்மான்னு சொன்னீங்க."

"ஏதாவது சொல்லுங்கய்யா!" என்றான் செங்குட்டுவன். "இப்பவாவது பேசுங்க!"

தணிகாசலம் மூக்கில் கட்டிய துண்டை அவிழ்த்து மடித்தார்.

மங்கை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். வந்தவர்கள் பந்தலுக்கடியில் கும்பல் கும்பலாக நின்று அவரைப் பார்த்துப் பேசினார்கள். தங்கமான மனுஷனாம், கேட்டியா என்றது ஒரு குரல். மேளக்காரர்கள் உறையை மாட்டினார்கள். பால் சொம்பில் ஈ மொய்த்தது.

வெகுநேரம் யாரும் அவர் பக்கம் வரவில்லை. கடைசியில் அவரே சாமியிடம் போனார். உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

காலில் விழுந்தார்.

"மகா பாவம் பண்ணிட்டேன் சாமி. நான் மனுஷனே இல்ல."

சாமி எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"ஒரு பிராயச்சித்தம் சொல்லுங்க. உபவாசம் இருக்கேன். மலையைச் சுத்தறேன். ஒரு மண்டலம் மௌன விரதம் வேணும்னாலும் இருக்கேன்."

"மௌன விரதமா?" என்றார் சாமி. "அதைத்தானேய்யா இவ்வளவு நாளா இருந்தீங்க."

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார்.

"எழுந்திரிங்க. வீட்டுல கடப்பாரை இருக்கா?"